எந்திரத்தின் மொழியும் நண்பரின் மொழியும்

1980 ஏப்ரலில் கிழக்கு ஜெர்மனியும் வியட்நாமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. வியட்நாமிய இளைஞர்கள் சில ஆண்டுக் காலத்துக்குக் கிழக்கு ஜெர்மனிக்குப் போய் ஆலைகளில் வேலை செய்வார்கள். போரில் நொடிந்த நாட்டுக்கு வருமானம் வேண்டியிருந்தது. கிழக்கு ஜெர்மன் ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1989இல் பெர்லின் சுவர் விழுந்தபோது ரோஸ்டாக்கிலும் லைப்ஸிக்கிலும் கிழக்கு பெர்லினிலும் மற்ற ஊர்களிலுமாக ஏறத்தாழ 60,000 வியட்நாமியர் இருந்தார்கள். பலருக்குத் தையல் ஆலையிலோ நெசவாலையிலோ வேலை. இரண்டு அரசுகளின் மேடைகளிலும் ‘மக்களினங்களின் நட்பு’ என்ற முழக்கம் ஓயாமல் ஒலித்தது. அந்த நட்பைப் பேசிப் பழகும் மொழி மட்டும் வந்தவர்களுக்குத் தரப்படவில்லை.

மொழி வகுப்பு சில வாரங்கள்தான், அதிகம் போனால் மூன்று மாதம். எந்திர உறுப்புகளின் பெயர், ஷிப்ட் நேரம், பாதுகாப்பு விதி, மேற்பார்வையாளரின் கட்டளை, இவ்வளவு தெரிந்தால் போதும் என்று திட்டம் வகுத்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள். மற்ற பேச்சுக்குக் குழுவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். விடுதியில் ஆளுக்கு ஐந்து சதுர மீட்டர் இடம். பார்க்க யாராவது வந்தால் வாசலில் பதிய வேண்டும், இரவு தங்க அனுமதி வாங்க வேண்டும். ஒரு பெண் கருவுற்றால் கலைக்க வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். இந்தக் கொடுமையைச் சுவர் விழுந்த ஆண்டில்தான் தளர்த்தினார்கள். இப்படிக் காவல் போட்ட வாழ்க்கையில் ‘இவள் என் தோழி, இவளை இப்படித்தான் தெரியும்’ என்று அயல்மொழியில் சொல்லிப் பழக ஒருவருக்கு எங்கே வாய்ப்பு?

அப்படியும் நட்பு முளைத்தது, தையல் எந்திரத்தின் வழியாக. சம்பளத்தில் 12 விழுக்காடு வியட்நாம் அரசின் கணக்குக்குப் போய்விடும். வீட்டுக்கும் ஏதாவது அனுப்ப வேண்டும். ஆகவே ஷிப்ட் முடிந்து வந்து விடுதி அறையில் ஜீன்ஸ் தைத்தார்கள். நல்ல ஜீன்ஸ் அங்கே கடையில் எளிதில் கிடைக்காத காலம் அது. ஆலையில் கூட வேலை செய்த ஜெர்மானியர்கள் அளவு கொடுக்க வந்தார்கள். இடுப்பு எவ்வளவு, நீளம் எவ்வளவு, பை எங்கே, என்றைக்குத் தருவாய் என்று பேச்சு தொடங்கும். அடுத்த முறை பெண்ணுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று. அவர்கள் யார், என்ன வயது, என்ன படிக்கிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். பலரும் மனிதரைப் பற்றிப் பேசும் ஜெர்மனை முதலில் கற்றது இந்த அறைகளில்தான் என்று நினைக்கிறேன். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இந்த வகுப்பை அந்த மனிதர்களின் பெரிய சாதனை என்பேன்.

அதே ஆண்டுகளில் மேற்கு ஜெர்மனியில் வேறொரு வியட்நாம் குடியேறிக்கொண்டிருந்தது. 1979இல் பத்திரிகையாளர் ரூபர்ட் நொய்டெக்கும் அவர் மனைவியும் ‘காப் அனமூர்’ என்ற கப்பலை ஏற்பாடு செய்து தென்சீனக் கடலுக்கு அனுப்பினார்கள். வியட்நாமிலிருந்து தப்பிப் படகுகளில் தத்தளித்த 10,000க்கும் மேற்பட்டவர்களை அந்த முயற்சி மீட்டது. மேற்கே வந்த இந்த அகதிகளுக்குத் தங்கும் உரிமையும் மாதக்கணக்கில் மொழி வகுப்பும் கிடைத்தன. ஜெர்மன் குடும்பங்கள் முன்வந்து பொறுப்பேற்று, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்தன. தாய்மொழி ஒன்றே, கற்ற மொழியும் ஒன்றே. ‘நீ இங்கேதான் இருக்கப்போகிறாய்’ என்று ஒரு சாராரிடம் சொன்னார்கள், மறுசாராரிடம் ‘சில ஆண்டில் போய்விடுவாய்’ என்றார்கள். ஒருவர் எவ்வளவு மொழி கற்றார் என்பதை அவருடைய திறமையைவிட இந்த ஒரு வேறுபாடுதான் தீர்மானித்தது.

மொழியளவிலும் அவர்கள் கடந்த தூரம் சிறிதல்ல. வியட்நாமியத்தில் ஒருவரோடு பேச்சைத் தொடங்கவே அவர் வயது தெரிய வேண்டும். மூத்த ஆண் ‘அன்’, மூத்த பெண் ‘சி’, இளையவர் ‘எம்’. அண்ணா, அக்கா, தம்பி என்று பஸ்ஸிலும் கடையிலும் அழைக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் தமிழில் யாரோடு பேசினாலும் ‘நான்’ நான்தான். அங்கே எதிரில் இருப்பவர் மாறினால் பேசுபவர் தன்னைக் குறிக்கும் சொல்லும் மாறும். அக்காவின் முன் நான் ‘எம்’, தம்பியின் முன் நான் ‘அன்’. உயிர்த் தோழர்கள் ‘மாய்’, ‘தாவ்’ என்று உரிமையோடு பேசிக்கொள்வார்கள், அதையே அந்நியர் சொன்னால் வசை. ஜெர்மனில் ‘டு’, ‘ஸீ’ என்று நம் நீ, நீங்கள் போல இரண்டு உண்டு. ‘இனி டு என்றே அழை’ என்று மூத்தவர் முதலில் சொல்வது மரபு. நண்பர் என்று சிலரைத்தான் சொல்வார்கள், மற்றவர் தெரிந்தவர். ஒரு பெண் ‘என் நண்பர்’ என்றால் காதலர் என்றே புரிந்துகொள்வார்கள், வெறும் நண்பரை ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று சுற்றிச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் இலக்கணப் புத்தகம் பாதிதான் சொல்லும். மீதியைப் பக்கத்தில் இருந்து திருத்தும் நண்பர்தான் சொல்ல முடியும்.

சுவர் விழுந்ததும் ஆலைகள் மூடின. 3,000 மார்க்கும் விமான டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக் லிக்டன்ஹாகனில் வியட்நாமியர் வாழ்ந்த கட்டடத்துக்குத் தீ வைத்தது ஒரு கும்பல். சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. உள்ளே சிக்கிய நூற்றுக்கு மேற்பட்டோர் கூரை வழியாகத் தப்பினார்கள். அதே ஆண்டில் அங்கிருந்த வியட்நாமியர் ‘தியென் ஹோங்’ என்ற சங்கத்தைத் தொடங்கி, ஜெர்மானியரோடு சேர்ந்து வாழும் வழியைத் தாமே அமைத்தார்கள். இதை எழுதும்போதும் அவர்கள் மன உறுதிக்கு முன் தலை தாழ்கிறது.

தங்கியவர்கள் பூக்கடை, காய்கறிக் கடை, சிற்றுண்டிக் கடை என்று விடியலிலிருந்து இரவுவரை நின்றார்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது? பல குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு ஜெர்மன் மூதாட்டியை அமர்த்திக்கொண்டன. பிள்ளைகள் அவரை ‘ஓமா’, அதாவது பாட்டி என்றே அழைத்து வளர்ந்தார்கள். வியட்நாமிய வழக்கப்படி உறவுப் பெயர் சொல்லி அழைத்த அந்தப் பாட்டியிடம்தான் கதையும் கோபமும் கொஞ்சலும் ஜெர்மனில் வந்தன. அந்தத் தலைமுறை இன்று தன் நண்பர்களைப் பற்றி ஜெர்மனில் தங்குதடையின்றிப் பேசுகிறது. அதே பேச்சை அம்மாவிடம் வியட்நாமியத்தில் சொல்ல வரும்போது சொல் நின்றுவிடுகிறது. சாப்பிட்டாயா, மார்க் என்ன என்பதைத் தாண்டி ஒரு நட்பின் முறிவை வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். பெற்றோரின் உழைப்புக்கு அவர்கள் கொடுத்த விலைகளில் இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

வியட்நாமிலேயே இன்று நிலைமை தலைகீழ். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கட்டாயம். ஆறாம் வகுப்புப் பாடநூலில் நண்பர்களுக்கென்றே ஓர் அலகு இருக்கிறது: அவளுக்கு முடி நீளம், அவன் அன்பானவன் என்பது போல. வயது கேட்காமலே ஒரே ‘யூ’வில் யாரோடும் பேசலாம் என்பதில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சுதந்திரம் இருக்க வேண்டும். ஹனோயில் 1997 முதல் ஜெர்மன் கற்பிக்கும் கோதே இன்ஸ்டிட்யூட் இயங்குகிறது. ஜெர்மனியில் இருக்கும் கணவனோடோ மனைவியோடோ சேரப் போகிறவர் 2007 முதல் பொதுவாக ஜெர்மன் மொழியில் முதல்நிலைத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். 2013இலிருந்து முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்குப் போகும் இளைஞர்கள் ஊரிலேயே மாதக்கணக்கில் ஜெர்மன் படிக்கிறார்கள். தொடக்கப் பாடங்களிலேயே குடும்பமும் நண்பர்களும் வந்துவிடுகிறார்கள். 1980களின் ஆலைத் தொழிலாளிக்கு இது கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரே குடும்பம் லைப்ஸிக், ஹனோய், கலிபோர்னியா என்று பிரிந்திருக்கும்போது அந்தப் பிள்ளைகள் போனில் சந்திப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் பெரியம்மாவின் மகளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மனம் வராமல், ஆங்கில வாக்கியத்தின் நடுவே ஒரு ‘சி’ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒப்பந்தத்தில் வந்த தலைமுறை இப்போது ஓய்வு வயதைத் தொட்டுவிட்டது. வயதில் மறதி நோய் வந்தால் பிற்பாடு கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் நழுவும். அரைகுறையாகக் கிடைத்த ஜெர்மனும் போனால் அவர்களோடு யார் பேசுவார்கள்? இன்று வியட்நாமிலிருந்து பயின்று வரும் பராமரிப்பாளர்களில் சிலரையாவது அந்த முதியவர்கள் இருக்கும் இல்லங்களில் அமர்த்த வேண்டும். அங்கே அந்த இளைஞர்கள் ‘எம்’ என்று தம்மைச் சொல்லிக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம். மொழி வகுப்பைச் சில வாரங்களில் முடித்து ஆலைக்கு அனுப்பிய நாட்டின் இடத்தில் இன்று இருக்கும் ஜெர்மனி, அந்த முதியவர்களுக்குப் பட்டிருக்கும் கடனில் ஒரு பகுதியை அப்படித் தீர்க்கலாம்.