உங்களுக்குத் தெரியுமா? தரை தரும் சூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு!

கனடா போன்ற குளிர்நாடுகளில் தரைக்கடியில் குழாய் பதித்து, வெந்நீர் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குகிறார்கள். நீங்களே பதிப்பதானால், குழாய் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்:

● சுவர், ஜன்னல், கூரை ஒவ்வொன்றின் பரப்பையும் அதன் வெப்பம் கடத்தும் அளவாலும் உள்–வெளி வெப்பநிலை வித்தியாசத்தாலும் பெருக்குங்கள். இடுக்குகளில் நுழையும் குளிர்காற்றால் ஆகும் இழப்பையும் சேருங்கள்; மொத்த வெப்ப இழப்பு கிடைக்கும்.

● வெளியே மைனஸ் 18, உள்ளே 20 டிகிரி செல்சியஸ் என்றால், 2 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் சுமார் 430 வாட் இழக்கும். இரட்டைக் கண்ணாடியில் ஏறக்குறைய பாதிதான்.

● தரை 29 டிகிரியைத் தாண்டினால் பாதத்துக்கு இதமிருக்காது. அந்த எல்லையில் சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட்தான் கிடைக்கும். மொத்த இழப்பைத் தரைப் பரப்பால் வகுத்தால் அதைவிட அதிகமா? முதலில் ஜன்னலை மாற்றுங்கள், இடுக்குகளை அடையுங்கள், குழாய் அப்புறம்தான்.