எழுபத்திரண்டில் ஒரு பங்கு தேவாலயம்

1944 ஜூன் 6, விடியலுக்கு வெகுநேரம் முன்பு. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் சேன்ட்-மேர்-எக்லீஸ் என்ற சிற்றூர். தேவாலயச் சதுக்கத்தருகே ஒரு வீடு தீப்பற்றி எரிகிறது. ஊரார் வரிசையாக நின்று தண்ணீர் வாளிகளைக் கைமாற்றுகிறார்கள். ஊரை எழுப்பத் தேவாலய மணி ஓயாமல் அடிக்கிறது. அந்த நெருப்பு வெளிச்சத்துக்குள் வானத்திலிருந்து அமெரிக்க வீரர்கள் பாராசூட்டில் வந்து இறங்குகிறார்கள். ஜான் ஸ்டீல் என்ற வீரரின் பாராசூட் தேவாலயக் கோபுரத்திலேயே சிக்கிக்கொண்டது. பாதத்தில் குண்டடி பட்டிருந்த அவர் செத்தவர்போல நடித்து, சுமார் இரண்டு மணி நேரம் அங்கேயே தொங்கினார். பிறகு ஜெர்மானியரிடம் பிடிபட்டு, அவர்களிடமிருந்தும் தப்பினார். 1962இல் வந்த 'தி லாங்கஸ்ட் டே' படத்தில் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றும் அந்தக் கோபுரத்தில் ஒரு பொம்மை வீரன் பாராசூட்டோடு தொங்குகிறான்.

கோபுரம், பாராசூட், நெருப்பு, இரவு எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடங்கும் இந்தக் காட்சியை டயோராமாவாக, அதாவது சிறு அளவுக் காட்சி மாதிரியாகச் செய்து பார்க்கும் ஆசை மாடல் பிரியர்கள் பலருக்கு உண்டு. கடையில் பெட்டியாக வாங்கிப் பாகங்களை ஒட்டிவிடலாம். அப்படியில்லாமல், சில புகைப்படங்களையும் ஓர் அளவுகோலையும் மட்டும் வைத்துக்கொண்டு அட்டை, பிளாஸ்டிக் தகடு, பால்சா மரம், ஃபோம் போர்டு ஆகியவற்றிலிருந்து முழுத் தேவாலயத்தையும் கையாலேயே எழுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் பித்துப் பிடித்த வேலைதான். ஆனால் ஒரு கட்டடத்தை அப்படிச் சுருக்கிப் பார்த்தால், உலகத்தில் எதெல்லாம் சுருங்கச் சம்மதிக்கிறது, எதெல்லாம் முரண்டு பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அவர்கள் அதிகம் எடுத்துக்கொள்ளும் அளவுகளில் ஒன்று 72இல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் ஓர் அங்குலம் ஆவார் என்பது கணக்கு. 30 மீட்டர் உயரக் கோபுரம் 42 சென்டிமீட்டராகி மேஜைமேல் வந்து உட்கார்ந்துவிடும். நீளம் 72 மடங்கு குறையும்போது பரப்பு 5,184 மடங்கும், கன அளவு 3,73,248 மடங்கும் குறைகின்றன. ஆனால் ஒன்று மட்டும் துளிகூடக் குறையாது: எண்ணிக்கை.

கூரையையே எடுத்துக்கொள்வோம். ஒரு நடுத்தரத் தேவாலயத்துக்கு 300 சதுர மீட்டர் ஸ்லேட் கல் கூரை என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 கல் வீதம் 12,000 கற்கள் வேண்டும். மாடலில் அந்தக் கூரை முழுவதும் ஓர் ஏ4 தாளைவிடச் சற்றுச் சிறியது. கற்கள் என்னவோ அதே 12,000தான். ஒவ்வொன்றும் அரை அரிசி அளவுக்கு வெளியே தெரிந்தால் அதிகம். இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. கூரை ஸ்லேட்டின் தடிமன் ஆறேழு மில்லிமீட்டர். அதை 72ஆல் வகுத்தால் 0.1 மில்லிமீட்டருக்கு அருகில் வரும். சாதாரண ஜெராக்ஸ் தாளின் தடிமனும் அதுவே. ஆகவே தாளைப் பட்டை பட்டையாக நறுக்கி, ஒரு விளிம்பில் மட்டும் சீப்புப் பற்கள்போல் வெட்டுப் போட்டு, கீழ்வரிசையிலிருந்து மேல்நோக்கி ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்டிக்கொண்டே போவார்கள். மேல்வரிசையின் கல், கீழ்வரிசையில் இரு கற்கள் சேரும் கோட்டின்மேல் உட்கார வேண்டும். நிஜக் கொத்தனார் மழைநீர் இறங்காமலிருக்கச் செய்வதை இவர் கண்ணுக்காகச் செய்கிறார். ஒட்டி முடித்ததும் இடுக்கியால் ஆங்காங்கே ஒரு கல்லைச் சற்றே தூக்கிவிடுவதும், ஒன்றிரண்டைப் பிய்த்தெறிவதும் உண்டு. நூற்றாண்டுகள் கண்ட கூரை அச்சில் வார்த்ததுபோல் இருக்காது அல்லவா?

சுவருக்கு வந்தால் கண்ணின் எல்லை குறுக்கிடுகிறது. கற்களுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் சாந்துக் கோடு என்றால் மாடலில் அது 0.14 மில்லிமீட்டர், இரண்டு தலைமுடியை அடுத்தடுத்து வைத்த அகலம். நல்ல பார்வையுள்ளவரின் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அரை மீட்டர் தூரத்தில் அந்தக் கோணம் பிடிக்கும் அகலமும் ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டர்தான். ஆக, மாடலை அரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும், நிஜ தேவாலயத்தை 36 மீட்டர் தள்ளிச் சதுக்கத்தில் நின்று பார்ப்பதும் ஒன்றே. இரண்டிலும் சாந்துக் கோடு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். இதற்குமேல் நுணுக்கம் காட்டுவது பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு வரும் மாடல் போட்டி நடுவர்களுக்காகத்தான்.

நடுவர்கள் மடக்கும் இடம் இன்னொன்றும் உண்டு. சேன்ட்-மேர்-எக்லீஸ் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஒன்றில் மாதாவைச் சூழ்ந்து பாராசூட் வீரர்கள் இறங்குவார்கள். பார்க்க மிக அழகு. ஆனால் அது போருக்குப் பிறகு பொருத்தியது. 1944 ஜூன் இரவைச் செய்கிறவர் அந்தக் கண்ணாடியையும் ஆசையாக வரைந்து வைத்துவிட்டால் வரலாறு தலைகீழாகிவிடும்.

முரண்டு பிடிப்பவற்றில் முதலிடம் தண்ணீருக்கு. தரையில் தேங்கிய நீரின் விளிம்பைக் கவனித்தால் தெரியும்: அது கூர்மையாக முடிவதில்லை, மெல்லிய கரையாக உருண்டு நிற்கும். நீரின் பரப்பு இழுவிசையும் புவியீர்ப்பும் சமரசத்துக்கு வரும் அந்த அளவு சுமார் 2.7 மில்லிமீட்டர். மாடலுக்குப் பக்கத்தில் கொட்டினாலும் இதே 2.7 தான், அங்குல மனிதருக்கு அது கணுக்காலை மூழ்கடிக்கும் 19 சென்டிமீட்டர் தண்ணீர்க் கரை. அதனால்தான் டயோராமாவில் நிஜத் தண்ணீர் எப்போதும் பொய்யாகத் தெரிகிறது. அதற்குப் பதிலாக எபாக்சி ரெசினையோ பளபளக்கும் வார்னிஷையோ பயன்படுத்துகிறார்கள். நவராத்திரிக் கொலுவில் பூங்கா அமைத்து, குளத்துக்குக் கண்ணாடியைப் பதித்து ஓரத்தில் மணல் தூவிய நம் வீட்டுப் பெரியவர்கள் இயற்பியல்படி சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இதே பரப்பு இழுவிசை ஓரிடத்தில் நட்பாகவும் மாறும். சின்னஞ்சிறு சன்னல் சட்டத்தின் விளிம்பில் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைத் தொட்டுக் குச்சியால் குறுக்கே இழுத்தால், சோப்புக் குமிழிபோல ஒரு சவ்வு பரவி நிற்கும். காய்ந்ததும் நிறமற்ற கண்ணாடி! அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு, நீலச் சாயங்களைத் தொட்டுவைத்து, உள்ளே ஒரு சிறு எல்.இ.டி.யை ஏற்றினால் போதும்.

துணியும் சொன்னபடி கேட்காது. அன்றைய அமெரிக்கப் பாராசூட்டின் குடை விட்டம் சுமார் எட்டரை மீட்டர்; மாடலில் 12 சென்டிமீட்டர், ஒரு கைக்குட்டையில் பாதிக்கும் குறைவு. ஆனால் கைக்குட்டையைக் கோபுரத்தில் மாட்டினால் அது பாராசூட்போலத் துவளாது, அட்டைபோல விறைத்து நிற்கும். துணியின் விறைப்பு அப்படியே இருக்க, அதை மடித்து இறக்கும் எடை மட்டும் குறைந்துவிடுகிறது. எனவே டிஷ்யூ தாளை நீர்த்த பசையில் நனைத்து, ஈரமாக இருக்கும்போதே மடிப்புகளைக் கையால் கொடுக்கிறார்கள். நெருப்பும் இப்படித்தான். பெரிய தீ மெதுவாக அலைபாயும், சின்னச் சுடர் படபடக்கும். ஆகவே எரியும் வீட்டுக்கு மெழுகுவத்தி உதவாது, நிதானமாக மினுக்கும் விளக்குதான் பொருந்தும்.

எனக்கு மிகப் பிடித்தது மணி. ஒரு டன் எடையுள்ள வெண்கல மணியை அதே வெண்கலத்தில், அதே வடிவில் 72இல் ஒரு பங்காக வார்த்தால் எடை 2.7 கிராம்; மோதிரத்தைவிடக் குறைவு. அடித்தால் கேட்குமா? வடிவமும் உலோகமும் மாறாதபோது, அளவு எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு அதிர்வெண் கூடும். பெரிய மணியில் விநாடிக்கு 400 அதிர்வுகளாக ஒலித்த சுரம், குட்டி மணியில் 28,800 ஆகிவிடும். மனிதக் காது 20,000 அதிர்வுகளோடு நின்றுவிடுகிறது. அந்த இரவில் ஊரையே எழுப்பிய மணியைத் துல்லியமாகச் செய்து முடித்தவர் அதை அடித்தால் அந்தச் சுரம் அவர் காதில் விழாது. வீட்டு நாய் வேண்டுமானால் தலையைத் திருப்பும்.

வண்ணத்தில் ஒரு பழைய நம்பிக்கை உலவுகிறது. மாடலுக்கு அசல் நிறத்தையே பூசினால் கருமையாகத் தெரியும், ஆகவே கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும் என்பார்கள். தூரத்துப் பொருள்கள் காற்றின் மங்கலால் வெளிறித் தெரிவதுபோலத்தான் இதுவும் என்று காரணமும் சொல்வார்கள். வெள்ளை கலப்பது சரி. காரணம் எனக்கு ஒப்பவில்லை. நாம் பார்ப்பது 36 மீட்டருக்குச் சமமான தூரத்திலிருந்து. தெளிந்த நாளில் அந்தத் தூரத்துக் காற்று எதையும் வெளிறச் செய்யாது. உச்சி வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் என்றால் வீட்டு விளக்கொளி சில நூறு லக்ஸ்தான். மங்கிய ஒளியில் எந்த நிறமும் தன் துலக்கத்தை இழக்கும். வெள்ளை அந்தக் குறையைத்தான் ஈடுகட்டுகிறது என்று தோன்றுகிறது. மாடலை வெயிலில் எடுத்துவைத்துப் பார்த்தால் பாதி ஏமாற்றுகள் தேவையற்றுப் போகும். சூரியன் வெகுதூரத்தில் இருப்பதால் நிழலும், நிழலின் மங்கிய விளிம்பும்கூட அதே விகிதத்தில் சுருங்கி விழும். மேஜை விளக்குக்கு அந்தத் திறமை கிடையாது.

சரி, கட்டடத்தின் உறுதி? 1638இலேயே கலிலியோ எச்சரித்துவிட்டார்: அளவு கூடும்போது எடை கன அளவில் ஏறுகிறது, தாங்கும் குறுக்குவெட்டோ பரப்பளவில்தான் ஏறுகிறது. சின்ன மாதிரி நிற்பதை நம்பிப் பெரியதைக் கட்டினால் விழுந்துவிடும். பாலத்துக்கும் கப்பலுக்கும் இது சத்தியம். கல் தேவாலயம் மட்டும் இந்த விதியிலிருந்து பெரும்பாலும் நழுவிக்கொள்கிறது. நடுத்தர வலிமையுள்ள மணற்கல்லைத் தூணாக அடுக்கிக்கொண்டே போனால், அடிக்கல் நசுங்குவதற்கு முன் தூண் இரண்டு கிலோமீட்டர் உயரம் போகலாம் என்று கணக்கிட்டார் கேம்பிரிட்ஜ் பொறியாளர் ஜாக் ஹேமன். தேவாலயங்கள் அதன் அருகில்கூடப் போவதில்லை. அவை விழுந்தால் கல் நசுங்கி விழுவதில்லை. சுமை இறங்கும் பாதை சுவரின் தடிமனுக்கு வெளியே போய், மூட்டுகள் விரிந்துதான் விழும். அது வலிமையின் கேள்வியல்ல, வடிவத்தின் கேள்வி. வடிவத்துக்கு அளவு ஒரு பொருட்டல்ல. 1418இல் பிளாரன்ஸ் தேவாலயக் குவிமாடப் போட்டிக்குக் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி செங்கல்லில் ஒரு மாதிரி கட்டிக்காட்டியது வெறும் கண்காட்சிக்காக அல்ல. அடியிலிருந்து தாங்கும் மரச்சட்டம் இல்லாமலே குவிமாடத்தை எழுப்ப முடியும் என்று மெய்ப்பிக்க.

1675இல் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக ஓர் உண்மையை அச்சிட்டார்: தொங்கும் சங்கிலியின் வளைவைத் தலைகீழாக்கினால் நிற்கும் வளைவு கிடைக்கும். இதை மாடலாக மாற்றியவர்களில் ஒருவர் கட்டடக் கலைஞர் அந்தோனி கவுடி. பார்சிலோனா அருகே கொலோனியா குவேல் தேவாலயத்துக்காகப் பத்தில் ஒரு பங்கு அளவில் நூல்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளைக் கட்டினார். பையின் எடையை மாற்றினால் முழு வலையும் நகர்ந்து புதிய வடிவம் எடுக்கும். அதைப் புகைப்படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, அதன்மேலேயே கட்டடத்தை வரைந்தார். இதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1908இல் கட்டத் தொடங்கி 1914இல் நின்றுபோன வேலையில் முடிந்தது கீழ்த்தள வழிபாட்டு மண்டபம் மட்டுமே. அதன் கல் தூண்கள் சாய்ந்து நிற்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் கோணலாகக் கட்டிவிட்டார்கள் என்று நினைக்கக்கூடும். அந்தக் கோணங்கள் நூல்கள் தாமாக எடுத்துக்கொண்டவை.