உள்ளங் கவர்ந்த இசைத்தொகுப்பு எது?

இரத்தினபுரியில் மாணிக்கம் தேடுவோர் எடுத்த எடுப்பிலே கல்லைத் தேடுவதில்லை. குழியிலிருந்து வந்த சரளை மண்ணைக் கூடையில் இட்டு, ஓடும் நீரிலே சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். சேறு கரைந்து போகும். இலேசான கற்கள் ஒதுங்கும். கனமுள்ளவை அடியில் தங்கும். அதன் பின்னரே ஒவ்வொன்றாக வெளிச்சத்திற் பிடித்து, இது மணி, இது வெறுங்கல் என்று தெரிந்தெடுப்பார்கள். நாம் பிறந்தது முதற் கேட்ட பாட்டுக்கள் எத்தனை ஆயிரம்! அத்தனைக்குள்ளும், "என் உள்ளங் கவர்ந்த இசைத்தொகுப்பு இதுவே" என்று ஒன்றை மட்டும் சுட்டிக் காட்டவேண்டுமென்றால், நாமும் அவ்வாறே பொறுமையாக அலசத்தான் வேண்டும்.

இஃது ஒரு பொழுதுபோக்கு விளையாட்டுப் போலத் தோன்றும். குடும்பத்தார் கூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்ற விளையாட்டுத்தான். ஆயினும், எதைத் தெரிகிறோம், என்ன காரணஞ் சொல்லித் தெரிகிறோம் என்பவை நம்மை நமக்கே காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே சற்று நிதானித்தே விடை கூறல் நன்று.

ஆல்பம் வந்த கதை

இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற காலத்தில் அதன் ஒரு பக்கத்தில் அடங்கியது ஏறத்தாழ மூன்றரை நிமிடமே. நீண்ட இசையைப் பல தட்டுக்களிற் பிரித்துப் பதிந்து, அத்தட்டுக்களைப் புகைப்படங்களைச் சேர்த்து வைக்கும் ஏடு போன்ற உறைகளில் கோத்து விற்றார்கள். அதனாலே 'ஆல்பம்' என்ற பெயர் இசைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. அதில் ஒரு பக்கமே இருபது நிமிடத்துக்கு மேல் ஒலித்தது. தொடக்கமும் வளர்ச்சியும் நிறைவும் உடைய ஓர் இசைக் கட்டடத்தை எழுப்ப அப்பொழுதுதான் இடம் கிடைத்தது.

நம் நாட்டிலோ பெரும்பாலான மக்களுக்கு இசையைக் கொண்டுவந்தது வானொலியே. கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பரில் ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு வந்தது. 1952இல் இந்தியாவில் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களுக்குக் கதவடைத்தபோது, கடலுக்கு அப்பாலுள்ள தமிழரும் பிற மொழியினரும் இலங்கை வானொலியின் பக்கம் காதைத் திருப்பினார்கள். தாய்நாட்டாருக்கே பாட்டு வழங்கிய பெருமை இத்தீவுக்கு உண்டு. தோட்டங்களிலோ வானொலிப் பெட்டி வாங்க இயலாதவர் வீட்டுக்கும் கோயில் ஒலிபெருக்கி வழியாக இசை போய்ச் சேர்ந்தது.

மூன்று உரைகற்கள்

பொன்னை உரைத்துப் பார்ப்பதற்குக் கல் ஒன்று போதும். இசைத்தொகுப்பை உரைத்துப் பார்க்க மூன்று கற்கள் வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, பலகால் கேட்டும் சலியாமை. இரண்டாவது, முழுமை, ஒரு பாட்டு இனிக்க, மற்றவை அதன் நிழலில் ஒதுங்கியிருந்தால் அது நல்ல தொகுப்பாகாது. மூன்றாவது, நம் வாழ்வின் குரல்; நாம் பேசும் மொழியும், செய்யும் தொழிலும், சிந்தும் கண்ணீரும் அதில் எங்கேனும் ஒலிக்க வேண்டும்.

இவற்றைக் கொண்டு நம் வீடுகளிற் புகழ்பெற்ற சிலவற்றை உரைத்துப் பார்ப்போம்.

எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் 1963இல் பாடி வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதத்தை அறியாதார் யார்? பதினைந்தாம் நூற்றாண்டில் பிரதிவாதி பயங்கரம் அண்ணா அவர்கள் இயற்றிய வடமொழிச் சுலோகங்களை, நெடுந்தட்டின் நீளத்தை நன்கு பயன்படுத்திக்கொண்டு, தடங்கலின்றிப் பாடினார் அம்மையார். அதனால் வந்த வருவாயைத் திருமலை வேத பாடசாலைக்கே அளித்தார் என்பது அக்குரலின் தூய்மைக்கு மேலும் ஒரு சான்று. முதலிரு கற்களிலும் மாற்றுக் குறையாத பொன் இது. ஆனால் விடியற்காலையில் அதைக் கேட்டுக்கொண்டே மலையேறும் தொழிலாளிக்கு அதன் ஒலி புரியும். பொருள் புரிவது அரிது.

சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்தசஷ்டி கவசம் தமிழிலே அமைந்தது. தேவராய சுவாமிகள் அருளியது. இதுவும் ஏறத்தாழ இருபது நிமிடம் ஒரே ஓட்டமாய்ச் செல்வது. எனினும் நாம் அதை நாடுவது பெரும்பாலும் காப்புக்காக. இசை நுகர்ச்சி அங்கே இரண்டாம் இடமே பெறுகிறது.

எல். ஆர். ஈஸ்வரி அவர்களின் அம்மன் பாடல்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கென்றே பிறந்தவை போன்றவை. தப்பு முழங்க, கரகம் ஆட, அவை ஒலிக்கும்போது மூன்றாவது கல்லில் பளிச்சென்று மாற்று விழுகிறது. ஆனால் அவை தனித்தனி மலர்கள். ஒரே நாரில் தொடுத்த மாலையல்ல.

இளைஞர்கள் 1992இல் வந்த 'ரோஜா'வைச் சொல்வார்கள். ஏ. ஆர். ரகுமான் இசையமைத்து வெளிவந்த முதற் படம்; 2005இல் அமெரிக்க 'டைம்' இதழ், உலகின் சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புக்களுள் ஒன்றாக அதை வைத்தது. அதன் இனிமையை யாரும் மறுக்கார். ஆயினும் அப்பாடல்களை ஒன்றாகக் கட்டி நிற்பது திரைக்கதை. இசை தன் காலிலேயே நிற்கும் கட்டடம் அன்று.

ஒரு மாணவியின் விடை

இதே வினாவை நான் வகுப்பிலும் கேட்டதுண்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு திரைப்படத்தின் பெயரைச் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை மட்டும், "எங்கள் அம்மாயி பாடும் தாலாட்டுத்தான் ஐயா. ஆனால் அது எந்தத் தட்டிலும் இல்லையே!" என்றாள். சில மாணவர் நகைத்தனர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் விடையில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை, கவலைப்படுவதற்குத்தான் இடமிருந்தது. ஏட்டில் ஏறியதும் தட்டில் பதிந்ததுமே கலை, வாயில் வாழ்வது கலையன்று என்ற எண்ணம் நம் பிள்ளைகள் மனத்தில் எப்படியோ புகுந்துவிட்டது. கொழுந்து எடுத்த கையோடும், இறப்பர் பால் வெட்டிய கையோடும் பாடிய தாய்மாரின் பாட்டு, படித்த பிள்ளைக்குக் கூச்சந்தரும் பொருளாகிவிட்டது. என் தெரிவு எது என்பதற்கு இந்தக் கூச்சமே வழிகாட்டிற்று.

என் தெரிவு

2005ஆம் ஆண்டில் இளையராஜா அவர்கள் இசையமைத்து வெளியிட்ட 'திருவாசகம்' என்ற தொகுப்பே என் உள்ளங் கவர்ந்தது. மாணிக்கவாசகரின் 51 பகுதிகளுள் ஆறிலிருந்து பாடல்களைத் தெரிந்து, ஹங்கேரி நாட்டுப் பூடபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர் வாசிக்க, அவரே முன்னின்று பாடியிருக்கிறார். யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப் பத்து என்பன அந்த ஆறு. சிவபுராணப் பகுதி மட்டும் ஏறத்தாழ இருபது நிமிடம் விரிந்து செல்கிறது. தனிக் குரல் ஒன்று தன் சிறுமையை எண்ணிக் கரைய, பல குரல்கள் சேர்ந்து அதனைத் தாங்கி எழுவதைக் கேட்கும்போது, திருவாசகத்துக்கு உருகாதவர் வேறெதற்கும் உருகார் என்று பெரியோர் சொன்னது ஏன் என விளங்கும்.

இதில் நான் முதன்மையாகக் காண்பது வேறொன்று. மாணிக்கவாசகர் பாண்டியனுக்கு அமைச்சர், கல்வியிற் பெரியவர். இறைவனைப் பாட அவர் கையாண்ட வடிவங்களையோ பாருங்கள்! அம்மானை ஆடும் மகளிர் பாட்டு, பூக்கொய்யும் மகளிர் பாட்டு, ஊஞ்சற் பாட்டு, இருவர் வினாவும் விடையுமாய்ப் பாடும் சாழல், உந்தி பறத்தல், தெள்ளேணம் கொட்டல். திருப்பொற்சுண்ணமோ, இறைவன் ஆடுவதற்கான நறுமணப் பொடியைப் பெண்கள் கூடி உரலில் இடிக்கும்போது பாடும் பாட்டு. அதாவது அது வேலைப் பாட்டு. உலக்கை எழுந்து விழும் தாளத்தையே அவர் ஞானத்துக்கு ஏணியாக்கினார். உழைக்கும் பெண்ணின் வாய்ப்பாட்டைத் திருமுறையில் ஏற்றிவைத்த அவர், அதைத் தாழ்ந்தது என்று கருதியிருப்பாரா?

அதை இசையாக்கியவரும் அவ்வழி வந்தவரே. இளையராஜா 1943இல் இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். இளமையில் தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராய்ச் சென்று, உழைப்பாளிகள் கூடிய பொதுவுடைமை மேடைகளிற் பாடித் திரிந்தவர். 1976இல் 'அன்னக்கிளி' படத்தில் நாட்டுப்பாடலின் மணத்தையே திரையிசையில் கமழச் செய்தவர். மதுரைச் சீமையிலும் அதனை அடுத்த மாவட்டங்களிலும் வழங்கிய அதே தெம்மாங்கையும் கும்மியையும் தாலாட்டையுந்தான் நம் முன்னோரிற் பலர் மூட்டையிற் கட்டாத சொத்தாக இந்த மலைகளுக்குக் கொண்டுவந்தார்கள்.

வாத்தியம் வாசித்தவர்களின் நாடும் இங்கே பொருத்தமாய் அமைந்துவிட்டது. ஹங்கேரியில் 1906ஆம் ஆண்டையொட்டிப் பேலா பார்ட்டோக், சோல்ட்டான் கோடாய் என்ற இரு இளம் இசைப் புலவர்கள், மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் போனோகிராப் கருவியைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகச் சென்றனர். நகரத்தார் பொருட்படுத்தாத குடியானவர் பாட்டுக்களை ஆயிரக்கணக்கிற் பதிந்தனர். பின்னர் அந்நாட்டின் உயர்ந்த இசை அந்த வித்துக்களிலிருந்தே முளைத்தது.

தடைகளும் விடைகளும்

இத்தெரிவுக்குத் தடை சொல்வோர் உண்டு. திருவாசகத்தை ஓதுவார்கள் மரபாக மோகன இராகத்தில் ஓதுவார்களே, அதை மாற்றலாமா என்பர் சிலர். ஓதுவார் முறை கோயிலுக்கு உரியது. அது என்றும் நிலைக்க வேண்டும். இத்தொகுப்பு அதன் இடத்தைப் பறிக்கவில்லை. வேறோர் அவைக்கு அதை அழைத்துச் செல்கிறது.

ஆங்கில வரிகள் இடையே வருகின்றனவே என்பர் வேறு சிலர். அவற்றை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்ஸ் அமைத்தார். இம்முயற்சிக்கு முன்னின்ற 'தமிழ் மையம்' அமைப்பை நடத்தியவரும் கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பார் அடிகளே. திருவாசகத்தை ஆங்கிலத்தில் முழுவதும் பெயர்த்து 1900இல், தம் எண்பதாம் வயதில், வெளியிட்ட ஜி. யு. போப்பும் கிறிஸ்தவப் பாதிரியாரல்லரோ? பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் நம் மாவட்டத்தாருக்கு இது மகிழ்ச்சி தரவேண்டிய செய்தி.

இதைச் 'சிம்பொனி' என்பது சரியா என இசை வல்லார் கேட்பர். சமயப் பாடலைக் குழுக்குரலும் வாத்தியக் குழுவும் சேர்ந்து இசைக்கும் இவ்வகையை மேனாட்டார் 'ஒரட்டோரியோ' என்பர். ஹாண்டல் 1741இல் இருபத்து நான்கே நாளில் இயற்றி, 1742இல் டப்ளின் நகரில் அரங்கேற்றிய 'மெசாயா' அதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. பெயர் எதுவாயினும் இனிமை குறையாது.

இனிச் செய்யவேண்டியது

இத்தொகுப்பைக் கேட்டு மகிழ்வதோடு நம் கடமை முடியவில்லை. மலையகத்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் நம் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கித் தந்தார். சொல் ஏட்டில் தங்கிற்று. ஆனால் அச்செழுத்து இராகத்தைப் பிடித்துவைக்காது. அம்மாயியும் அப்பாயியும் மறையும்போது அவர்கள் குரலோடு மெட்டும் மறைந்துபோகும்.

பார்ட்டோக் சுமந்த கருவியினும் நூறு மடங்கு சிறந்த கருவி இன்று ஒவ்வொரு மாணவன் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசியாய்க் கிடக்கிறது. விடுமுறையில் தோட்டத்துக்குச் செல்லும் பிள்ளைகள் முதியோரிடம் அனுமதி கேட்டு, அருகில் அமர்ந்து, தாலாட்டையும் கும்மியையும் ஒப்பாரியையும் காமன் கூத்துப் பாட்டையும் பதிந்துகொள்ளுங்கள். பாடும்போது குறுக்கே திருத்தாதீர்கள். பாடியவர் பெயர், வயது, தோட்டம், பாட்டை யாரிடம் கற்றார், எந்த வேளையில் பாடுவது என்ற விவரங்களைக் குறித்து வையுங்கள். சொற்களைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பதிந்ததற்கு இரண்டு மூன்று படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பெற்றோர்களும் அன்றிரவு தொலைக்காட்சியைச் சற்று நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டுக்களைக் குடும்பத்தோடு கேளுங்கள்.

அமைச்சராய் இருந்த ஞானி உரல் பாட்டை எடுத்துத் திருமுறையில் வைத்தார். கிராமத்து இசைஞர் அதனை உலகப் பேரிசைக் குழுவின் நடுவே வைத்தார். நாம் செய்ய வேண்டியது அதனினும் எளிது. அம்மாயியின் தாலாட்டுத்தான் பிடிக்கும் என்று வகுப்பில் சொல்லும் பிள்ளை, தலைகுனியாமல், "இதோ கேளுங்கள் ஐயா" என்று அதை ஒலிக்கச் செய்ய வேண்டும்.