பாங்கு சொல்லியும் எழும்பாத பிள்ளை



மஃரிபுக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. உம்மா கூப்பிடுகிறார். மகன் போனை விட்டுத் தலை நிமிரவில்லை. கற்பிட்டி, பாலாவி, புத்தளம் என்று நமது களப்போரத்து ஊர்களில் இது புதினமான காட்சியல்ல. வாப்பா கடலிலோ வளைகுடா நாட்டிலோ இருக்க, உம்மா தனியாகப் போராடுகிறார். 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபின், படிப்புக்காகப் பல பிள்ளைகளின் கைக்குப் போன் வந்தது. பாடசாலைகள் திறந்தன, போன் கையிலேயே தங்கிவிட்டது.

பிள்ளை ஏன் எழும்புவதில்லை? ‘ஃப்ரீ ஃபயர்’ விளையாட்டில் ஒரே ஆட்டத்தில் 50 பேர். சுமார் 10 நிமிடம். ‘பப்ஜி’யில் 100 பேர், அரை மணித்தியாலம் வரை நீளும். கடைசிவரை தப்பியிருப்பவரே வெற்றியாளர். இடையில் விட்டால் தோல்வி, கூட்டாளிகளும் ஏசுவார்கள். தினமும் வந்தால் பரிசு, காசு கொடுத்தால் புதிய உடுப்பு. பிள்ளையைப் பிடித்து வைக்கவே இவை அமைக்கப்பட்டுள்ளன. இதைப் பிள்ளைக்கு ஆறுதலாக விளங்கப்படுத்துங்கள். "மகன், நீங்கள் விளையாடுகிறீர்களா, அது உங்களை ஆட்டுவிக்கிறதா?" என்று கேளுங்கள். ஏச்சை விட அந்தக் கேள்வி அவனைச் சிந்திக்க வைக்கும்.

அடுத்து, ஒழுங்கு செய்யுங்கள். ஆட்டத்தின் நடுவில் போனைப் பறித்தால் கோபமே மிஞ்சும். மணிக்கணக்கை விட ஆட்டக்கணக்கு நல்லது. அஸருக்குப் பின், பாடவேலை முடிந்ததும், இரண்டு ஆட்டம் என்று முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். மஃரிபுக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது புதிய ஆட்டம் தொடங்கக் கூடாது. இஷாவுக்குப் பின் போன் உம்மாவின் அலுமாரியில் இருக்கட்டும். அந்த நேரத்தில் உம்மாவின் போனும் ஓய்வெடுக்கட்டும். வாப்பா தூரத்திலிருந்து பேசும்போதும் இதே சொல்லைச் சொல்ல வேண்டும். உம்மா மறுத்ததை வாப்பா கொடுத்தால் ஒழுங்கு நிலைக்காது. வெறும் தடை மட்டும் போதாது. மைதானத்தில் உதைபந்தும் கூட்டாளிகளும் வேண்டும்.

விளையாடும் பிள்ளை எல்லாம் நோயாளியல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ம் உண்டு. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே பெரிதாகிவிடுதல், கேடு வந்தும் தொடர்தல் என்பன அதன் அடையாளங்கள். வழமையாக 12 மாதம் அளவுக்கு இவை நீடித்து, படிப்பும் வீட்டு உறவும் குலைந்தால்தான் அது நோய். அப்படிச் சந்தேகம் வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அவர்களது நேரத்தைப் பேணும் பொறுமையை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.