டீசல் காருக்கு நெடுஞ்சாலை ஏன் தேவை?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக்கும் பிள்ளையார்பாளையம் தறிவீடுகளுக்கும் இடையே மட்டுமே ஓடும் டீசல் காரில், ஒருநாள் மஞ்சள் விளக்கு எரியும். ஏன்?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய 16 மடங்கு அழுத்தினால் அது கடுமையாகச் சூடாகும். அதில் தெளிக்கும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். இப்படி அதிகமாக அழுத்துவதால்தான் எரிபொருளின் சக்தியில் கூடுதல் பங்கு வேலையாக மாறி, மைலேஜ் கூடுகிறது. 1897-இலேயே ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 26 சதவீதத் திறனை எட்டியது. அன்றைக்கு அது அசாத்தியம்!

ஆனால் தெளித்த டீசல் காற்றோடு முழுதாகக் கலப்பதில்லை, கரி மிஞ்சுகிறது. 2020 ஏப்ரல் 1-இல் வந்த பிஎஸ்-6 மாசுக்கட்டுப்பாட்டு விதிக்குப்பின், புகைக்குழாயில் தேனடை போன்ற பீங்கான் வடிகட்டி அந்தக் கரியைப் பிடித்துவைக்கிறது. சுமார் 600 டிகிரி சூட்டில்தான் அந்தக் கரி எரிந்து தீரும். தேரடி நெரிசலில் ஊர்ந்தால் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? கார் கூடுதல் டீசலைத் தெளித்துச் சூடேற்றப் பார்க்கும். பாதியில் சாவியைத் திருப்பி அணைத்தால், மிஞ்சிய டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும்.

வடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டதைச் சொல்லத்தான் அந்த மஞ்சள் விளக்கு. அது எரிந்தால் வெள்ளைகேட் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். வடிகட்டி அடைபடாதிருக்க, பிஎஸ்-6 டீசல் கார்களுக்கென உள்ள, சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றுங்கள். அடிக்கடி சென்னை, பெங்களூரு போகிறவர் டீசல் வாங்கலாம். ஊருக்குள்ளேயே சுற்றுபவருக்குப் பெட்ரோல் கார்தான் லாபம்.