பழைய டிராக்டரின் வயது என்ன? பதிவுச் சான்று ஒன்று சொல்ல, இரும்பு வேறொன்று சொல்கிறது

புது தில்லி: தில்லியிலும் அதைச் சூழ்ந்த தேசியத் தலைநகர் வட்டாரத்திலும் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதை உறுதி செய்தது. அன்று முதல் ஹரியாணா, மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகளிடம் ஒரு கேள்வி எழுந்துள்ளது. டிராக்டரின் வயதை எந்த நாளிலிருந்து கணக்கிடுவது?

10 ஆண்டுகளான டிராக்டரைக் கட்டாயம் உடைத்தாக வேண்டும் என்ற செய்தி பரவியபோது, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2024 ஜனவரியில் அதை மறுத்தது. விவசாய டிராக்டர் போக்குவரத்து அல்லாத வாகனம்; முதலில் 15 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யப்பட்டு, பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படலாம் என்பதே அமைச்சகம் அளித்த விளக்கம்.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆவது பிரிவு அந்த 15 ஆண்டுகளைப் பதிவுச் சான்று வழங்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணுகிறது. டிராக்டர் செய்யப்பட்ட நாள் வேறு. தயாரிப்பு மாதமும் ஆண்டும் வாகனத்திலேயே பொறிக்கப்பட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 1993ஆம் ஆண்டுத் திருத்தம் வகை செய்தது. அதற்கு முற்பட்ட டிராக்டர்களுக்கு வார்ப்பு இரும்பில் உள்ள எழுத்துகளே சாட்சி.

மூன்று எண்கள்

பழைய டிராக்டரில் காணப்படும் எண்கள் மூவகை. முதலாவது வார்ப்பு எண். இது பாகத்தின் அச்சுக்கு உரியது. ஒரே அச்சில் பல ஆண்டுகள் வார்க்கப்பட்ட எல்லாப் பாகங்களிலும் ஒன்றாகவே இருக்கும். இதை வயது என்று கொள்வதே பலரும் செய்யும் பிழை. இரண்டாவது தேதிக் குறியீடு. அச்சில் பொருத்தப்படும் சிறு தகட்டை அவ்வப்போது மாற்றி, வார்த்த நாளைப் பதிப்பார்கள். மூன்றாவது வரிசை எண். வண்டி முழுமையடையும்போது தொழிற்சாலையில் குத்தப்படுவது. பொதுவாக, புடைத்து நிற்பது வார்ப்படச் சாலையின் எழுத்து. குழிந்து இருப்பது தொழிற்சாலையின் எழுத்து.

ஃபோர்டு 3000 டிராக்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நிறுவனத்தின் வார்ப்பு எண்ணில் முதலெழுத்து பத்தாண்டைக் குறிக்கும். 'சி' என்றால் 1960கள், 'டி' என்றால் 1970கள். அடுத்த இலக்கம் ஆண்டு. எனவே 'சி5' என்று தொடங்கும் பாகம் 1965இல் வடிவமைக்கப்பட்டது. வார்க்கப்பட்டது பிறகும் இருக்கலாம். வார்த்த நாளைத் தேதிக் குறியீடே சொல்லும். '2 டி 17' என்றிருந்தால் 2 ஆண்டின் கடைசி இலக்கம், 'டி' நான்காம் மாதம், 17 தேதி. இந்த டிராக்டர் 1965 முதல் 1975 வரை தயாரிக்கப்பட்டதால் அது 1972 ஏப்ரல் 17தான். எண் 1 உடன் குழப்பம் நேராமலிருக்க 'ஐ' என்ற எழுத்து விடப்பட்டு, செப்டம்பர் 'ஜே' ஆனது.

மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் பலவற்றில் உள்ள பெர்க்கின்ஸ் என்ஜினில் எண்ணின் கடைசி எழுத்தே ஆண்டு. 1974 'ஏ' என்று தொடங்கியதால், 'டி' என்பது 1977.

ஒரே எழுத்து ஒரு நிறுவனத்தில் மாதம், மற்றொன்றில் ஆண்டு. எந்த நிறுவனத்தின் முறை என்று தெரியாமல் படித்தால் கணக்கு தவறும். பிஞ்சோரில் இருந்த எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் அளித்தது. அத்தகைய வண்டிகளுக்குத் தயாரிப்பாளரிடம் விவரம் கேட்டறிவதும் இனி எளிதல்ல.

ஒரு பாகம் போதாது

என்ஜின் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் அதன் தேதியை மட்டும் நம்ப இயலாது. சிலிண்டர் பிளாக், கியர் பெட்டி, பின் அச்சு உறை ஆகியவற்றின் தேதிகளை ஒப்பிட வேண்டும். அவை சில வாரங்கள் அல்லது மாதங்களுக்குள் அடங்கி, வரிசை எண்ணுக்கு முற்பட்டிருந்தால் வண்டி பெரும்பாலும் பழைய நிலையிலேயே உள்ளது எனலாம். ஒன்று மட்டும் பல ஆண்டுகள் விலகி நின்றால் அது பின்னாளில் சேர்ந்தது. பழைய டிராக்டரைக் கடன் வாங்கி விலைக்குப் பெறும் சிறு விவசாயிக்கு, முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

நீதிமன்றத்தின் பார்வையும் வயதிலிருந்து மாசு வரையறையை நோக்கி நகர்ந்துள்ளது. வயதை மட்டும் காரணம் காட்டி வாகன உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்று 2025 ஆகஸ்டில் கூறிய உச்ச நீதிமன்றம், பாரத் நிலை 4-க்குக் கீழ்ப்பட்ட வாகனங்களுக்கு அப்பாதுகாப்பு இல்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் திருத்தியது. டிராக்டர்களுக்கோ மாசு வரையறையே தனி. அதன் முதல் கட்டம் 1999 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது.

எந்த வரையறையின் கீழ் ஒரு டிராக்டர் செய்யப்பட்டது என்பதைத் தீர்மானிப்பது தயாரிப்பு நாளே தவிர, பதிவு நாள் அல்ல. வரையறையை அளவுகோலாகக் கொள்ளும் அரசு, பதிவைப் புதுப்பிக்கும்போது இரும்பில் உள்ள தேதியையும் பார்த்துக் குறிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லையேல் உழைத்துக்கொண்டிருக்கும் வண்டியை இழப்பவரும், தப்பிவிடும் புகை வண்டியும் காகிதத்தின் தயவில்தான் முடிவாகும்.