கேசட்டில் மிச்சமிருக்கும் கல்யாணம்

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில்கூட ஸ்டூடியோ வாசல்களில் ஒரு போர்டு தொங்கும்: 'வீடியோ கேசட் சிடியாக மாற்றித் தரப்படும்'. கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த மூன்று மணி நேரக் கேசட்டைக் கொடுத்தால், மணமக்கள் படம் அச்சிட்ட உறையில் மூன்று சிடிக்கள் கைக்கு வரும். அதன் பிறகு கேசட்டை யார் மதிப்பார்கள்? பல வீடுகளில் அது பரணுக்குப் போனது. சில வீடுகளில் பழைய பேப்பர்க்காரருக்கு.

பரணில் போட்டவர்கள் பிழைத்தார்கள். அந்த சிடிக்குள் ஏறியது கேசட்டில் இருந்த கல்யாணத்தில் ஒரு பகுதிதான்.

காரணம் கணக்கில் இருக்கிறது. இந்தியத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் முறையில் விநாடிக்கு 25 படங்கள். ஆனால் ஒவ்வொரு படமும் இரண்டு தவணையாக வரும்: முதலில் ஒற்றை வரிசைக் கோடுகள், பிறகு இரட்டை வரிசைக் கோடுகள். அதாவது விநாடிக்கு 50 அரைப்படங்கள். அடுத்தடுத்த இரண்டு அரைப்படங்களும் வெவ்வேறு கணத்தில் எடுக்கப்பட்டவை என்பதால்தான் பழைய டிவியில் அசைவு அவ்வளவு வழுக்கலாகத் தெரிந்தது. கடைகள் தந்த சிடிக்கள் விசிடி ரகம்; 1993-ல் வகுக்கப்பட்ட அந்த முறையில் படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள். இதற்குள் அடக்க, வழக்கமாக ஓர் அரைப்படத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிவார்கள். அசைவில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியை விநாடிக்கு 1.15 மெகாபிட் என்ற கணக்கில் நசுக்க வேண்டும். கேசட் படத்தைச் சுருக்காமல் அப்படியே எண்களாக மாற்றினால் விநாடிக்கு ஏறத்தாழ 166 மெகாபிட் பிடிக்கும். 144-ல் ஒரு பங்கு! இந்த நெருக்கடி எங்கே அம்பலமாகும் என்றால், அட்சதை தூவும் காட்சியில். நூறு அரிசிமணிகள் நூறு திசையில் பறக்கும்போது கணக்குப் போட இடமில்லாமல் திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடையும். மணமக்களின் முகம் உட்பட.

இன்னொரு சிக்கனமும் அந்த வட்டில் உண்டு. கணினித் தரவுகளைப் பதியும் சிடியில் கீறல் விழுந்தாலும் விட்டுப்போனதைக் கணக்கிட்டு மீட்க இரண்டாம் அடுக்குப் பிழைதிருத்தம் இருக்கும். விசிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். லேசான கீறலுக்கே விசிடி முக்கி முனகி நின்றது இதனால்தான்.

டிவிடி எவ்வளவோ மேல். 720-க்கு 576 புள்ளிகள், இரண்டு அரைப்படங்களும் பத்திரம். ஆனால் மூன்று மணி நேரத்தையும் 4.7 ஜிபி வட்டு ஒன்றிலேயே திணித்துத் தந்த கடைகளே அதிகம். அப்படித் திணித்தால் விநாடிக்கு மூன்றரை மெகாபிட்தான் கிடைக்கும். டிவிடி அனுமதிக்கும் உச்சத்தில் பாதிகூட இல்லை. தவிர, கடையில் எழுதித் தரும் வட்டில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். ஒளியும் வெப்பமும் சாயத்தைக் கெடுக்கும். ஓட்டு வீட்டு அலமாரியில் இருபது கோடைகளைக் கண்ட வட்டுகள் இன்று பிளேயருக்குள் போனதும் 'நோ டிஸ்க்' என்கின்றன. அதே வீட்டுப் பரணில் கிடந்த 1988-ன் கேசட் ஓடுகிறது.

ஓடும் அந்த நாடாவின் அமைப்பு வியப்பானது. அகலம் 12.7 மில்லிமீட்டர். மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் சுமார் 250 மீட்டர் நாடா சுற்றியிருக்கும். அது டெக்கில் விநாடிக்கு 23 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் ஊர்கிறது. பாட்டுக் கேசட்டில்கூட நாடா இதைவிட இரு மடங்கு வேகமாகப் போகும். இவ்வளவு மெதுவாக நகரும் நாடாவில் படம் எப்படி ஏறியது? நாடா சும்மா ஊரட்டும், ஹெட் சுழலட்டும் என்பதுதான் தந்திரம். ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த விஎச்எஸ் டெக்கில் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உலோக டிரம், நாடாவுக்குச் சாய்வாக நிற்கிறது. பால் முறையில் அது விநாடிக்கு 25 முறை சுற்றும். டிரம்மின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஹெட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு அரைச்சுற்றில் ஓர் அரைப்படத்தை நாடாவின் குறுக்கே சாய்வுக் கோடாகக் கிழித்துச் செல்கிறது. இதனால் ஹெட்டுக்கும் நாடாவுக்கும் இடையிலான வேகம் விநாடிக்கு ஐந்து மீட்டரை நெருங்கிவிடுகிறது. கோட்டின் அகலம் 0.049 மில்லிமீட்டர், தலைமுடியைவிடச் சன்னம். மூன்று மணி நேரக் கல்யாணம் என்பது இப்படிப்பட்ட 5,40,000 கோடுகள்.

நிறத்துக்குத் தனி ஏற்பாடு. படத்தின் வெளிச்சத் தகவல் 3.8 முதல் 4.8 மெகாஹெர்ட்ஸ் வரை அலைவெண் ஏறி இறங்குவதாகப் பதிகிறது. நிறமோ 0.627 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கப்பட்டு அடியில் ஒண்டிக்கொள்கிறது. நிறத்துக்கு விட்ட இடம் குறைவு என்பதால்தான் கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு ஓரத்தைத் தாண்டிப் பக்கத்தில் வழிகிறது. கேசட் பழசாகிவிட்டதன் அடையாளம் என்று இதை நினைப்பார்கள். பதிந்த அன்றே அப்படித்தான் இருந்தது.

கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை நேரம் தப்புவதால் வருபவை. நாடா இழுபடும், டிரம் இம்மியளவு வேகம் மாறும். அதனால் படத்தின் ஒவ்வொரு கோடும் தொடங்க வேண்டிய கணத்தில் தொடங்காது. பழைய குழாய் டிவி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. கணினிக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. யூஎஸ்பியில் செருகும் மலிவான பிடிப்பான்கள், சமிக்ஞை தடுமாறும் இடங்களில் படத்தை விட்டுவிட்டுப் போய்விடும். ஒலி மட்டும் விடாமல் பதிவாகும். பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் போன பிறகு பாருங்கள்: மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டு நிமிர்ந்த பிறகு கெட்டிமேளம் கொட்டும். டெக்குக்கும் கணினிக்கும் நடுவே வைக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி ஒவ்வொரு கோட்டையும் நினைவகத்தில் வாங்கி, சரியான தாளத்தில் திருப்பி அனுப்பி இதைச் சீராக்கும். உயர்ரக எஸ்-விஎச்எஸ் டெக்குகள் சிலவற்றில் இது உள்ளேயே இருந்தது. அந்த மாடல்களுக்கு இன்றும் கிராக்கி இருப்பதன் ரகசியம் இதுவே.

படத்தின் அடிவிளிம்பில் நெளியும் ஒரு பட்டையைப் பார்த்துப் பலர் பதறுவதுண்டு. ஒரு ஹெட் முடித்து மற்றது தொடங்கும் இடம் அது. பழைய டிவிப் பெட்டியின் சட்டத்துக்குள் ஒளிந்திருந்தது, கணினியில் வெளியே தெரிகிறது. அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு நாள் பொறுத்த நாடா இன்னும் பத்தாண்டு பொறுக்காதா? பொறுக்கலாம். அதை ஓட்ட டெக் இருக்குமா என்பதுதான் சந்தேகம். கடைசிவரை விசிஆர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டுகூட ஏழரை லட்சம் கருவிகள் விற்றிருந்தது. ஆனால் உதிரிபாகம் கிடைக்கவில்லை. சோனி தன் பீட்டாமேக்ஸ் கேசட்டை அதே ஆண்டு மார்ச்சில்தான் கைவிட்டது. இன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் டெக்குகளில் ரப்பர் உருளை இறுகியிருக்கும், பெல்ட் தளர்ந்திருக்கும், கிரீஸ் மெழுகாகியிருக்கும். ஒரு டெக்கை உயிர்ப்பிக்க இன்னொரு டெக்கைப் பிரிக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2015-லேயே 'கெடு 2025' என்ற அறிக்கையில் மணி அடித்தது. அதற்குள் மாற்றப்படாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் போய்விடும் என்றது. கெடு தாண்டிவிட்டது, நாடாக்கள் ஒட்டுமொத்தமாகச் செத்துவிடவில்லை. ஆனால் அறிக்கை சொன்ன காரணங்களில் கருவிகள் மறைவதும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வுபெறுவதும் முக்கியமானவை. அந்த இரண்டும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன.

அவசரத்துக்கு இன்னொரு காரணம், நாடாவை வேகமாக ஓட்டிப் பிரதியெடுக்க முடியாது என்பது. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற முன்னாள் நூலகர், ஈரான் பிணைக்கைதிகள் விவகாரம் வெடித்த 1979 முதல் 2012 டிசம்பரில் இறக்கும்வரை தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிவுசெய்தார். வீட்டில் ஒரே சமயத்தில் பல டெக்குகள் ஓடும். விட்டுச்சென்றவை சுமார் 70,000 கேசட்டுகள். மகன் அவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்புக்குக் கொடுத்தார். கேசட்டுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால், ஒரே டெக்கில் நிறுத்தாமல் ஓட்டினாலும் 48 ஆண்டுகள் ஆகும். வீட்டுப் பரணில் இருப்பது பத்து கேசட்டாக இருக்கலாம். ஆனாலும் யாராவது உட்கார்ந்து முப்பது மணி நேரம் ஓட்டியாக வேண்டும்.

கேசட்டைத் தூக்கிப் போடக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் அண்மையில் வந்த ஒரு தொழில்நுட்பம். அதன் வேர் பிரிட்டனில். 1086-ல் எழுதப்பட்ட டோம்ஸ்டே நிலக் கணக்கேட்டின் 900-ஆம் ஆண்டை ஒட்டி, 1986-ல் பிபிசி ஒரு நவீனக் கணக்கேட்டை லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் உட்பட நாடே சேர்ந்து தொகுத்தது. பதினைந்து ஆண்டுகளில் அதைப் படிக்கும் கருவிகளே அரிதாகிவிட்டன. தோலில் எழுதிய பழைய ஏடு மட்டும் சௌகரியமாக வாசிக்கக் கிடைத்தது. வட்டுகளை மீட்க முனைந்த ஆர்வலர்கள் பிளேயர் தரும் படத்தை நம்பாமல், லேசர் படிக்கும் கச்சா அலையையே பிடித்து, மீதி வேலையை மென்பொருளிடம் விட்டார்கள். அந்த மென்பொருளிலிருந்து கிளைத்ததுதான் 'விஎச்எஸ்-டிகோட்' என்ற திறந்தமூலத் திட்டம்.

இதில் டெக்கின் மூடியைக் கழற்றி, ஹெட்டிலிருந்து வரும் சமிக்ஞையை ஆம்ப்ளிஃபையர் பலகையிலேயே ஒரு கம்பி சால்டர் வைத்து எடுத்துவிடுகிறார்கள். 1980-களின் மலிவான சில்லுகள் நிறத்தையும் ஒளியையும் பிரித்துக் குழப்புவதற்கு முன்பே அலை கணினிக்குப் போய்விடுகிறது. நேரத் திருத்தம், நிறம் பிரித்தல் எல்லாம் மென்பொருளில். சுருக்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்கும். ஆனால் நாளை மென்பொருள் மேம்பட்டால் கேசட்டை மறுபடி ஓட்டாமலே மேலும் நல்ல படம் எடுக்கலாம். ஊர்க்கடைகளில் இந்த வசதியை இன்று எதிர்பார்க்க முடியாது.

புலம்பெயர்ந்த குடும்பங்களின் கேசட்டுகளில் வேறொரு முடிச்சு. டொரோண்டோவில் எடுத்த கல்யாணம் என்டிஎஸ்சி, பாரிஸில் எடுத்தது சீகேம், யாழ்ப்பாணத்தில் எடுத்தது பால். மூன்றுக்கும் கோடுகளின் எண்ணிக்கையோ நிறம் பதியும் விதமோ வேறு. ஒன்றின் கேசட்டை மற்றதன் டெக்கில் போட்டால் படம் உருளும், அல்லது கறுப்பு வெள்ளையில் வரும். கறுப்பு வெள்ளையாக வருகிறதே என்று கேசட்டைக் கழித்துவிடாமல், மல்டி சிஸ்டம் டெக் வைத்திருப்பவரைத் தேட வேண்டும்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியது பூஞ்சை. கேசட்டின் சின்ன ஜன்னல் வழியே டார்ச் அடித்தால், சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடியோ புள்ளிகளோ தெரியும். சென்னை, கொழும்பு மாதிரி ஈரக்காற்று ஊர்களில் இது சாதாரணம். தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது; ஹெட்டை அடைத்து, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். ஹெட்டைத் துடைப்பவர்கள் மேலும் கீழுமாகத் தேய்த்தால் அதன் முனை ஒடிந்துவிடும். டிரம் சுற்றும் திசையில்தான் துடைக்க வேண்டும். இணையத்தில் சொல்கிறார்களே என்று கேசட்டை ஓவனில் சுடுவதும் வேண்டாம். அது ஒட்டுப்பசை இளகிய குறிப்பிட்ட சில தொழில்முறை நாடாக்களுக்கான வைத்தியம். ஓட்டுவதற்கு முன் கேசட்டின் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால், தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் எதுவும் அழியாது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது 'டிவிடியா, பென் டிரைவா' என்பதல்ல. என்ன கோப்பு, எத்தனை ஜிபி, அரைப்படங்கள் இரண்டும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் ஒரு மணி நேரம் சுமார் 30 ஜிபி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்ப அதிலிருந்து சின்னப் பிரதி ஒன்று போட்டுக்கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவால் 4கே ஆக்கித் தருகிறோம் என்போரும் உண்டு. ஆகட்டும், ஆனால் அசலைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு. மங்கலான முகத்தில் இல்லாத கண்ணிமைகளை அந்த மென்பொருள் தானே வரைகிறது. பாட்டி யாரோ ஒரு விளம்பர மாடலாகிவிடுகிறார்.

1995-க்குப் பின் வந்த மினிடிவி கேசட்டின் கதை வேறு. அதில் பதிந்திருப்பதே எண்கள். ஃபயர்வயர் கம்பி வழியே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபியாக அசலே கணினிக்கு வந்துவிடும், தரம் துளியும் குறையாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைக் கம்பியில் ஓட்டிப் பதிந்து தரும் கடைகளுக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம். ஃபயர்வயர் துளையுள்ள பழைய மடிக்கணினி யார் வீட்டிலாவது இருந்தால் எடைக்குப் போடும் முன் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கேசட் ஏற்கெனவே போய்விட்டது, சிடி மட்டும்தான் மிச்சம் என்றால், இன்றே அதை ஹார்டு டிஸ்க்கில் நகலெடுப்பது நல்லது. விசிடிக்குள் இருக்கும் பெரிய கோப்புகளை அப்படியே எடுத்தால் போதும், மறுபடி மாற்றினால் இருப்பதும் கரையும். கேசட் இருப்பவர்கள் ஒருமுறை முழுவதும் முன்னோட்டிப் பின்னோட்டி, உறையில் போட்டு, புத்தகம் போலச் செங்குத்தாக நிறுத்தி வைக்கலாம். ஓட்டுச் சூடு இறங்கும் பரணைவிட பீரோவின் நடுத்தட்டு நல்லது. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அதற்குள் காந்தம் இருக்கிறது.